துரைமார் போன திசையும் தோட்டத்தார் போன திசையும்

நுவரெலியா மாவட்டத்தின் வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது பிரித்தானியாதான். நானுஓயாப் பக்கம் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட், டெவன், நோர்வூட்டில் கிளென்கேர்ன், அப்கொட்டில் ஸ்ட்ரத்ஸ்பே, பூண்டுலோயாவில் மக்பெத் நாடகத்தில் வருகிற டன்சினன். ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்து வந்த துரைமார், தாம் விட்டு வந்த ஊர்களின் பெயர்களைக் காடு வெட்டிய இடங்களுக்கு வைத்தார்கள். அந்தப் பெயர்கள் இன்று எங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் இருக்கின்றன. எடின்பரோ எங்கே இருக்கிறது என்று புவியியல் பாடத்தில் கேட்டால் "நானுஓயாவுக்குப் பக்கத்தில சேர்" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்குப் பிழை போட எனக்கு மனம் வருவதில்லை.

மலையக வரலாற்றை எழுதும்போது ஐரோப்பியரை ஆண்டவர்களாகவும் தொழிலாளரை அழைத்து வரப்பட்டவர்களாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். மேட்டில் இருந்த பங்களாவும் பள்ளத்தில் இருந்த லயமும் கடல் கடந்து வந்தவர்களின் வீடுகளே என்பது மறந்து போகிறது. இரு சாராரும் "இனி எங்கே போவது?" என்ற கேள்வியை ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு தடவை எதிர்கொண்டார்கள். முதல் தடவை கோப்பி அழிந்தபோது, மறுதடவை நாடு சுதந்திரம் அடைந்த பிறகு. அந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்டார்கள், பதிலை யாருடைய கை எழுதியது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1846இல் வேட்டையாடுவதற்காக இலங்கை வந்தார். காய்ச்சலில் விழுந்து, உடம்பு தேற நுவரெலியாவுக்குப் போனவருக்கு அந்தக் குளிர் பிடித்துப் போயிற்று. 1848இல் தம்பியையும் குடும்பத்தாரையும் பண்ணை ஆட்களையும் கொல்லனையும் பசுவையும் வேட்டை நாய்களையும் கப்பலில் ஏற்றி வந்து, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்க முயன்றார். 1855இல் மூட்டை கட்டிவிட்டார். அடுத்து டான்யூப் நதிப் பக்கம் ரயில் பாதை வேலை, அதற்கடுத்து ஆபிரிக்கா. 1864இல் ஆபிரிக்காவின் பெரிய ஏரி ஒன்றைக் கண்டு, அதற்கு விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட்டின் பெயரைச் சூட்டிப் புகழ் பெற்றார். தமது இலங்கை வாசத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே அதை எட்டாண்டு அலைச்சல் என்றுதான் சொன்னார். நுவரெலியா அவருக்கு ஒரு தங்குமடம். போக வேண்டிய அடுத்த இடம் எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

எல்லாத் துரைமாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1852இல் பதினாறு பதினேழு வயதில் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர், ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர். நாற்பது வருடத்தில் ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. வெளியே போனதெல்லாம் 1874இல் டார்ஜிலிங்குக்குத் தேயிலை பார்க்கத்தான். 1892இல் இங்கேயே இறந்து, கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கமானார்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலய வளவில் இன்னும் இரண்டு பேர் கிடக்கிறார்கள். ஒருவர் சார்ல்ஸ் ஹே கமரன். நாம் பாடப்புத்தகத்தில் படித்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான் அவர். மற்றவர் அவர் மனைவி யூலியா மார்கரட் கமரன். புகைப்படக் கலையின் ஆரம்பகால மேதைகளில் ஒருவராக உலகம் அவரைக் கொண்டாடுகிறது. கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, வயதான காலத்தில், 1875இல், கணவரோடு இலங்கைக்குக் கப்பலேறியவர். கோப்பித் தோட்டங்களில் போட்ட பணமும் இங்கேயிருந்த பிள்ளைகளும் அவர்களை இழுத்தன. புறப்படும்போது தங்கள் சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டு வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது மெய்யோ பொய்யோ, 1879 ஜனவரியில் அம்மையார் கிளென்கேர்னில் காலமானார். மறு வருடம் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

யூலியா கமரன் இலங்கையில் எடுத்த படங்கள் சொற்பம். அவற்றில் தோட்டத்துத் தமிழரும் சிங்களக் கிராமத்தவரும் நிற்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர், விஞ்ஞானி என்று ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இலங்கைப் படங்களில் பெரும்பாலானவற்றில் நிற்பவரின் பெயர் இல்லை. எடுத்தவரின் கல்லறையைப் பார்க்க இன்றும் வெளிநாட்டார் வருகிறார்கள். படத்தில் நின்றவர்கள் எந்த மலையில் புதைந்தார்கள் என்று கேட்க ஒருவரும் வருவதில்லை.

இனிக் கோப்பி அழிந்த கதை. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தொழிலே சரிந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கியும் கதவைச் சாத்திற்று. 1,700 துரைமாரில் மிஞ்சியவர்கள் 400 பேர்தான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவர்கள் நஷ்டப்பட்டார்கள் என்பது உண்மை. சிலர் ஓட்டாண்டியானார்கள். ஆனால் அவர்களுக்கு மலாயா இருந்தது, போர்ணியோ இருந்தது, தென்னிந்தியா இருந்தது. பேரரசின் கொடி பறந்த இடமெல்லாம் அவர்களுக்கு வேலை இருந்தது. ஆங்கிலேயன் என்ற பிறப்பே அனுமதிச் சீட்டு. மலாயாவில் முதலில் கோப்பியும் பின்னர் றப்பரும் போட்டவர்களில் இலங்கையிலிருந்து போனவர்கள் கணிசமானோர்.

தொழிலாளிக்கோ சம்பளமே பாக்கி. துரையின் கடனுக்குத் தோட்டம் ஏலம் போனது, தொழிலாளியின் கூலி கணக்குப் புத்தகத்திலேயே கிடந்தது. வந்த வழியே மாத்தளை, தம்புள்ளை, மன்னார் என்று நடந்து திரும்பியவர்கள் ஏராளம். இருந்தவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். கோப்பி பருவத் தொழில். பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குப் போய்விடலாம். தேயிலை வருடம் முழுதும் துளிர்க்கும். ஆகவே குடும்பத்தோடு வந்து லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. "இனி எங்கே?" என்ற கேள்விக்கு மலையகத்தார் சொன்ன முதல் பதில் இதுதான்: இங்கேயே. அதை எந்தப் பத்திரத்திலும் அவர்கள் எழுதவில்லை. கவ்வாத்துக் கத்தியாலும் கொழுந்துக் கூடையாலும் சொன்ன பதில் அது.

அதற்கும் ஒரு கடிவாளம் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் 'துண்டு' வேண்டும். இந்தக் கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவர்களின் கடன் இவ்வளவு, அதைத் தீர்க்கிறவரிடம் இவர்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசிதான் துண்டு. கடன் தொழிலாளியினுடையது, கடதாசி கங்காணியின் கையில். டிக்கோயாவிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போவதற்கே ஒருவனுக்கு விலை போட்டிருந்த காலம் அது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். கடதாசி வேறு உருவில் திரும்பி வந்ததைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டு கதைகளும் ஒரே ஆளிடம் சந்தித்த ஒரு சம்பவம் உண்டு. லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1936இல் துரைத்தொழில் பழக மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்கு வந்தார். லயங்களைப் பார்த்தார். தொழிலாளரோடு சேர்ந்துகொண்டார். வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாருக்கு எதிராகவே பேசினார். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயாவும் அம்மேடையில் இருந்தார். வெள்ளைத் துரை ஒருவன் தங்கள் பக்கம் பேசுவதைத் தொழிலாளர் அன்றுதான் கண்டார்கள். தோட்டத்துரைமார் கொதித்தார்கள். தேசாதிபதி ஸ்டப்ஸ் 48 மணித்தியாலத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென்று மேடையேறினார். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வருட இறுதியில், தாமாகவே, அவர் இங்கிலாந்துக்குப் போனார்.

இந்தத் தீர்ப்பு நமது சனநாயக வரலாற்றின் பெருமை என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நானும் மாணவர்களுக்கு அப்படியே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய மற்றொரு வழக்கு உண்டு. 1947 தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, நாவலப்பிட்டி, மஸ்கெலியா உட்பட ஏழு தொகுதிகளை இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. மறுவருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. வாக்குரிமையும் போயிற்று. 1952இல் அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கக் கேட்டுக் கோடகன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்ற சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவை இது மீறவில்லை என்று 1953இல் அங்கே தீர்ப்பாயிற்று. ஒரு துரையை நாட்டை விட்டு அனுப்ப முடியாது என்றது நீதி. மலையில் பிறந்த ஏழெட்டு இலட்சம் பேர் இந்த நாட்டவரே அல்லர் என்ற சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் நீதிதான்.

இவ்விடத்தில் நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹற்றன், தலவாக்கலை, நாவலப்பிட்டிக் கடைவீதிகளில் துணியும் பலசரக்கும் விற்ற இந்தியச் சோனகர் பலருக்குக் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று கரையோரத்தில் வீடு இருந்தது. கடை இங்கே, குடும்பம் அங்கே. தோட்டத்தார் சம்பள நாளில் கடன் தீர்ப்பதும், நோன்பு முடியக் கடைக்காரர் ஊருக்குப் போய் வருவதும் வழக்கமாயிருந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ தொடர்ச்சியான வதிவைக் கேட்டது. மணமானவர் என்றால் மனைவியும் இளம் பிள்ளைகளும் கூடவே வதிந்திருக்க வேண்டும் என்றது. இரண்டு கரையிலும் கால் வைத்திருந்த வியாபாரிக்கு இதைவிட இறுக்கமான முடிச்சு வேறில்லை. சட்டத்தின் பெயரில் 'பாகிஸ்தானிய' என்ற சொல்லும் இருந்ததால் கீழக்கரைக்காரரைக் கராச்சிக்காரர் என்று நினைத்த அதிகாரிகளும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். 1963 குடிசன மதிப்பீட்டில் இந்தியச் சோனகர் சுமார் 55,000. 1971இல் சுமார் 27,000. கப்பலேறியவர்களோடு, இலங்கைச் சோனகர் என்று பதிந்துகொண்டவர்களும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கக்கூடும். எப்படியானாலும் எட்டே வருடத்தில் ஒரு வகுப்பில் பாதி காணாமல் போயிருக்கிறது. நமது இலக்கிய ஏடுகள் இதைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் அப்துல் அஸீஸ் என்ற பெயர் தொண்டமானுக்கு அடுத்தபடியாக நிற்கிறது என்பதைக்கூட நம் இளைஞர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000. மற்றவர்கள் நாடற்றோர். அவர்களுக்காகவே 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும். மிகுதி 1,50,000 பேரை 1974இல் இரு பிரதமர்களும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சாக்குகளைக் கூட எண்ணித்தான் பிரிப்பார்கள், ஆனால் சாக்கிடம் விண்ணப்பப் படிவம் கொடுக்க மாட்டார்கள். இங்கே கொடுத்தார்கள். எந்த நாடு வேண்டும் என்று நீங்களே எழுதித் தாருங்கள் என்றார்கள்.

வரலாற்று நூல்கள் இதை "விண்ணப்பித்தனர்" என்ற ஒரே சொல்லில் கடந்து போகின்றன. எழுத்தறியாத தாய்க்குக் கணக்கப்பிள்ளையோ கடைக்காரரோ சங்கத் தலைவரோ படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியா என்று எழுதினான், தம்பி இலங்கை என்று எழுதினான். இதையெல்லாம் தெரிவு என்று சொல்வது கடினம். இருந்தும், அந்தப் படிவங்களை மொத்தமாக எண்ணிப் பார்த்தால் மக்கள் ஒரு பதில் சொல்லியிருப்பது தெரியும். இந்தியாவுக்கென்று இரு அரசுகளும் ஒதுக்கிய 6,00,000 இடங்களை நிரப்ப ஆட்கள் போதவில்லை. இலங்கை வேண்டும் என்று கேட்டவர்களோ ஒதுக்கிய தொகையைத் தாண்டினார்கள். 1880களில் சொன்ன அதே பதில்தான், இம்முறை கையெழுத்தோடும் பெருவிரல் அடையாளத்தோடும். அதைப் படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை.

1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வந்தது. 1977இலும் 1981இலும் 1983இலும் கலவரம் வந்தது. அதன் பிறகு இந்தியா என்று எழுதியவர்களை விருப்பத்துடன் போனவர்களாகக் கணக்கிடுவது நியாயமாகாது. அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரில் கப்பல். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்குத்தான் போனது. அங்கிருந்து மண்டபம் முகாம். பாட்டன் பூட்டன் இலங்கைக்கு வரும்போது அம்மை நோய் உண்டா, கொலரா உண்டா என்று தடுத்து வைத்துப் பரிசோதித்த அதே முகாம். குடும்பமொன்று கொண்டு போக அனுமதிக்கும் சொத்தின் உச்ச அளவை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம். சேமலாப நிதியும் அதற்குள்தான். 1984 அளவில் கப்பல் நின்றபோது, பிள்ளைகளோடு சேர்த்து நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் போயிருந்தார்கள்.

இதே வருடங்களில்தான் துரைமாரும் போனார்கள். 1956க்குப் பிறகு பங்களாக்களில் உள்ளூர்த் துரைமார் குடியேறத் தொடங்கினர். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று வரையறுத்தது, 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்தது. வெள்ளையர் சிலர் கென்யாவுக்கும் மலாவிக்கும் பப்புவா நியூகினிக்கும் போய் மறுபடியும் தேயிலை பார்த்தார்கள். வேறு சிலர் இங்கிலாந்து போய், ஆறு மாத லீவுகளில் மட்டும் பார்த்துப் பழகிய நாட்டில், அப்புவும் தோட்டக்காரனும் இல்லாத வீட்டில், குளிரோடு மல்லுக்கட்டினார்கள். அவர்களுடைய நினைவுக் குறிப்புகளைப் படித்தால் அவர்களுக்கும் ஏக்கம் இருந்ததை உணரலாம். அந்த ஏக்கத்தை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் எந்தத் துரையும் படிவம் நிரப்பி நாடு கேட்கவில்லை, துரைமாரை ஏழுக்கு நாலு என்று எவரும் பங்கு போடவுமில்லை. 1876இல் துரைமார் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப் இன்னும் இருக்கிறது. மான் தலைகள் சுவரில் இருக்கின்றன. பணம் கொடுத்தால் நாமும் ஒரு இரவு தங்கலாம்.

துரைமாருக்கு இருந்த அந்த வசதி தமிழருக்கும் ஒரு காலத்தில் கிடைத்தது. 1983க்குப் பின் ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று போன வடக்கு, கிழக்குத் தமிழர்களில் பலர், அந்நாடுகளின் பிரஜாவுரிமை கிடைத்த பிறகு, இரண்டாவது முறையாக இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பிள்ளைக்கு ஆங்கிலக் கல்வி, பக்கத்தில் உறவு, கடை வைக்க இடம் என்று நிதானமாக யோசித்து எடுத்த முடிவு அது. நெதர்லாந்திலிருந்து சோமாலிய முஸ்லிம்களும் இதே வழியில் லெஸ்டர் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். ஐரோப்பியக் கடவுச்சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருந்ததால் அது முடிந்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020இல் விலகியதோடு அந்தக் கதவும் சாத்தப்பட்டது. மலையகத்தாருக்கு அந்தக் கதவு திறந்திருந்த காலத்திலேயே எட்டவில்லை. கையில் நாடே இல்லாதவரிடம் கடவுச்சீட்டு எங்கிருந்து வரும்? மிச்சமிருந்த நாடற்றோருக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும்தான் பிரஜாவுரிமை கொடுத்தன. இப்போது இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடாவுக்கு, வீட்டு வேலைக்கு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறார்கள்.

இந்தியா போனவர்களைப் பற்றி ஒன்று. சொந்த ஊர் என்று படிவத்தில் எழுதிய திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் அவர்களுக்குக் காணி இல்லை, சில இடங்களில் உறவும் இல்லை. சிறு கடை வைக்கக் கொடுத்த கடன் கரைந்தது. சிலர் கேரளத்துப் புனலூருக்கும் கர்நாடகத்துச் சுள்ளியாவுக்கும் றப்பர் வெட்டப் போனார்கள். மிகப் பலர் நீலகிரிக்கு ஏறினார்கள். கோத்தகிரியும் கூடலூரும் ஹற்றனைப் போலவே இருக்கும். அதே மலை, அதே மூடுபனி, அதே கொழுந்து. தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் 1976இல் டேன்டீ என்ற கம்பனியாயின. அந்தத் தோட்டங்களில் அவர்களுக்கு வைத்த பெயர் 'சிலோன்காரர்'. 2022இல், நஷ்டம் என்று காரணம் காட்டி, டேன்டீயின் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவாயிற்று. ஓய்வு பெற்றவர்கள் லயன் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவித்தலும் வந்தது. அவர்களில் பலர் ஒப்பாரிக் கோச்சியில் சிறு பிள்ளைகளாக ஏறியவர்கள்.